ஓப்பனிங் பேலன்ஸ் எங்கேப்பா போச்சு?

டிஸ்கி: தலைப்பைப் பார்த்து இது அக்கவுண்ட்ஸ் பாடம் என்று ஒரு கூட்டமும், உள்ளே புரோகிராமிங் வருகிறதே என்று இன்னொரு கூட்டமும் ஓட வேண்டாம். மூன்றாம் வகுப்புக் கழித்தல் தெரிந்தால் போதும்.

"வரிசையா இருக்கற நம்பருக்கு அடுத்தடுத்து வித்தியாசம் எடுக்கறதெல்லாம் ஒரு மேட்டரா? ஒரு ஃபார் லூப். ரெண்டு வரி. முடிஞ்சு போச்சு."

கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்கள் எல்லாரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். பி.காம்., படிக்கும் நம்ம ஆட்களோ இன்னும் ஒரு படி மேல். "எக்செல்ல இழுத்து விட்டா வந்துடும் மச்சி." ஆக, இரண்டு தரப்புக்கும் இது பேசவே தகுதியில்லாத சின்ன விஷயம். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். கணக்கில் நடக்கும் பாதித் தப்பு இந்தச் சின்னக் கழித்தலில்தான் நடக்கிறது. இதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரே செயலாகச் சொல்லிக் கொடுக்காமல், லூப்புக்குள் புதைத்து வைத்திருப்பதுதான் காரணம். காமர்ஸ் மாணவனுக்கு சி மொழி லூப்பை முதலில் சொல்லிக் கொடுப்பது வீண் வேலை என்பது என் கட்சி. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள், அப்புறம் திட்டலாம்.

கண்டக்டர் போட்ட கணக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, அப்புறம் திண்டிவனம். டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்பு கண்டக்டர் கையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு டிக்கெட் கட்டு இருக்கும். ஸ்டேஜ் வந்ததும் காதில் செருகிய பேனாவை எடுத்து, இன்வாய்ஸில் அந்தந்தக் கட்டின் அடுத்த நம்பரை எழுதுவார். எத்தனை டிக்கெட் விற்றது என்று எழுத மாட்டார். நம்பரை மட்டும்தான் எழுதுவார்.

உதாரணத்துக்கு ஒரு கட்டு: 210, 238, 245, 261. அடுத்தடுத்துக் கழியுங்கள்: 28, 7, 16. எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் என்பது வந்துவிட்டது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதும் முதலில் கேட்பது இந்த இன்வாய்ஸைத்தான். பல ரூபாய்க் கட்டுகள் என்றால் பல நெடுவரிசைகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகக் கழிக்க வேண்டும். இடமிருந்து வலமாகக் கழித்தால் 5 ரூபாய்க் கட்டின் நம்பரை 7 ரூபாய்க் கட்டின் நம்பரிலிருந்து கழித்த கதைதான். இன்றைக்கு அர்ரே மொழிகளில் 'எந்த அச்சு வழியாக' என்று கேட்கிறார்களே, அது இதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எழுதிய எண் 4, கிடைத்த விடை 3. வண்டி கிளம்பும்போதே 210 என்று எழுதி வைத்ததால்தான் முதல் ஸ்டேஜ் விற்பனை 28 என்று சொல்ல முடிந்தது. அந்த 210 விற்பனை கிடையாது. அது ஓப்பனிங் நம்பர். இதை மனதில் வையுங்கள், முழுச் சண்டையும் இந்த 210-ஐப் பற்றித்தான்.

ப்ளஸ் டூவிலேயே படித்ததுதான்

பொருளியல் புத்தகத்தில் மொத்தப் பயன்பாடு, இறுதிநிலைப் பயன்பாடு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும். மொத்தச் செலவு, இறுதிநிலைச் செலவு என்று அடுத்த பாடத்திலும் அதே மாதிரி. 'இறுதிநிலை' என்று பயமுறுத்துகிறார்களே தவிர, இரண்டாவது கட்டம் முதல் கட்டத்தின் அடுத்தடுத்த வித்தியாசம். வேறொன்றும் இல்லை. பேங்க் பாஸ்புக்கில் பேலன்ஸ் கட்டத்தை அடுத்தடுத்துக் கழித்தால் வரவு செலவு வந்துவிடும். வரவு செலவை அடுத்தடுத்துக் கூட்டினால் பேலன்ஸ் வந்துவிடும். கழித்தலும் கூட்டிக்கொண்டே போவதும் ஒன்றுக்கொன்று எதிர். மூன்று வருஷக் காமர்ஸ் படிப்பில் பாதி இந்த ஜோடிதான். ஆனால் ஒரு ஆசிரியரும் 'இது எல்லாமே ஒரே கணக்குடா' என்று சொன்னதில்லை. பத்துப் பாடத்தில் பத்துப் பெயர்.

இந்த ஒன்று தெரியாததால் என்ன நஷ்டம்? பேப்பரில் 'பணவீக்கம் குறைந்தது' என்று செய்தி வந்தால், 'எங்கய்யா வெலை கொறஞ்சுது, புளுகுறானுங்க' என்று டீக்கடையில் ஒருவர் கத்துவார். விலைப் புள்ளி 100, 110, 115 என்று போனால் வித்தியாசம் 10, 5. விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஏறும் அளவு மட்டும் குறைந்திருக்கிறது. அதாவது வித்தியாசத்தின் வித்தியாசம் கழித்தல் 5. செய்தியும் பொய் இல்லை, டீக்கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கட்டத்தைப் படிக்கிறார்கள். இதைப் புரியவைக்காமல் அரசியல் கட்சிகள் எல்லாம் தங்களுக்குச் சாதகமான கட்டத்தை மட்டும் மைக்கில் படிக்கின்றன.

சரி, அர்ரே மொழிகளுக்கு வருவோம்

கென்னத் ஐவர்சன் என்று ஒருவர். 1962-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரிலிருந்துதான் ஏ.பி.எல். என்ற மொழிக்கே பெயர் வந்தது. 1979-ல் டூரிங் விருது வாங்கினார். அப்போது அவர் பேசிய தலைப்பு, குறியீடு என்பது சிந்திப்பதற்கான கருவி என்பது பற்றி. அதாவது, நல்ல குறியீடு இருந்தால் நல்லபடியாக யோசிக்க வரும். ஏ.பி.எல்.லில் ஒரு வரிசையின் அடுத்தடுத்த வித்தியாசம் எடுக்க மூன்றே எழுத்து:

2-/ 4210 4385 4610

இரண்டிரண்டாக எடு, நடுவில் கழித்தல் குறியைப் போடு என்று அர்த்தம். லூப் இல்லை, 'ஐ' இல்லை, 'ஐ ப்ளஸ் ப்ளஸ்' இல்லை. மூன்றும் ஒரு வீட்டு ஈ.பி. மீட்டரின் ரீடிங் என்று வைத்துக்கொள்வோம். விடை என்ன வரும்?

175, 225 என்று சொன்னால் நீங்களும் மாட்டினீர்கள். வருவது கழித்தல் 175, கழித்தல் 225. ஏனென்றால் நடுவில் குறியைப் போட்டால் அது 4210 – 4385. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறது. மின்வாரியம் நமக்குக் கரண்ட் கடன்பட்டிருக்கிறது என்கிற மாதிரி விடை :-) இதைத் திருத்த ஏ.பி.எல்.லில் இரண்டு வழி. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு -2-/ என்று எழுதி விடையின் குறியை மாற்றலாம். அல்லது ¯2-/ என்று எதிர்ம இரண்டைக் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியையும் தலைகீழாக்கிவிட்டுக் கழிக்கச் சொல்லலாம். கோடு கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் இரண்டும் வேறு என்றே தெரியும். விடை என்னவோ ஒன்றுதான்.

ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990-ல் கொண்டுவந்த ஜே மொழியிலும் இதே கதை, நேராகப் போட்டால் முன்னது கழித்தல் பின்னது. ஆனால் ஆர் மொழியிலும், பைத்தானின் நம்பை நூலகத்திலும் 'டிஃப்' என்று கேட்டால் பின்னது கழித்தல் முன்னது. நமக்குப் பழக்கமான 175, 225.

சண்டை ஆரம்பம்: முதல் எண்ணை என்ன செய்வது?

இங்கேதான் மொழிகள் மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன.

1. நம்பையும் ஆரும் ஏ.பி.எல்.லும் ஜேயும்: 3 எண் கொடுத்தால் 2 விடை. முதல் எண்ணுக்கு ஜோடி இல்லை, அதனால் அதற்கு விடையும் இல்லை.

2. பைத்தானின் பாண்டாஸ்: 3 கொடுத்தால் 3 விடை, ஆனால் முதல் இடத்தில் 'எண் இல்லை' என்ற அடையாளம் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் யோக்கியன்.

3. பங்குச் சந்தைக் கம்பெனிகள் உபயோகிக்கும் க்யூ மொழி: அதில் 'டெல்டாஸ்' என்ற ஃபங்ஷன். 3 கொடுத்தால் 3 விடை, முதல் இடத்தில் அந்த முதல் எண்ணே அப்படியே உட்கார்ந்திருக்கும். 4210, 175, 225.

முதல் தடவை மூன்றாவதைப் பார்க்கும் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். முதல் இரண்டு மாதத்தில் 4210 யூனிட் எரித்தாயா? வீட்டில் என்ன ரைஸ் மில்லா ஓடுது? பங்கு விலைக்கு இதைப் போட்டால், 1250 ரூபாய்ப் பங்கு முதல் நிமிஷமே 1250 ரூபாய் 'ஏறியதாக' வரும். சராசரி போச்சு, கிராஃப் போச்சு, எல்லாம் போச்சு.

புரோகிராமர்கள் இதை 'மொழியின் விசித்திரம்' என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். காமர்ஸ் படிக்கிறவன் சிரிக்கக் கூடாது. இது விசித்திரம் இல்லை. இது ஓப்பனிங் பேலன்ஸைப் பற்றிய ஒரு முடிவு. க்யூ மொழி என்ன சொல்கிறது? 'இந்த வரிசைக்கு முன்னால் ஒரு பூஜ்யம் இருந்தது' என்று சொல்கிறது. அந்தப் பூஜ்யம் உண்மையாக இருந்தால் விடை ரொம்பச் சரி. புதுக் கடை திறந்து கல்லாவில் முதன்முதலாக 4210 வந்தால், அது முழுக்க வரவுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர் என்றால் அது பச்சைப் பொய்.

அதற்குப் பதிலாக ஒரு லாபமும் உண்டு. டெல்டாஸ் கொடுத்த விடையைக் கூட்டிக்கொண்டே போனால் பழைய வரிசை அப்படியே திரும்பி வந்துவிடும். நம்பையின் 175, 225-ஐ வைத்துக்கொண்டு எவ்வளவு கூட்டினாலும் 4210 திரும்பி வராது. ஓப்பனிங் பேலன்ஸைத் தொலைத்துவிட்டீர்கள். தலைப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டதா?

இதற்கு நம்ம ஊர்ச் சாட்சி ஒன்று சொல்கிறேன். ஆரியபட்டர் 499-ல் சைன் அட்டவணை கொடுத்தார் என்று எல்லாரும் பெருமையடிக்கிறோம். அவர் கொடுத்தது சைன் மதிப்புகளை இல்லை. அடுத்தடுத்த வித்தியாசங்களை. 225, 224, 222, 219, 215 என்று ஆரம்பித்து 37, 22, 7 என்று முடியும் 24 எண்கள். கூட்டிக்கொண்டே போனால் 225, 449, 671 என்று அட்டவணை விரிந்து கடைசியில் 3438 வரும், அவர் எடுத்துக்கொண்ட ஆரம் அதுதான். பெரிய எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், சின்ன வித்தியாசங்கள் போதும், ஒரே செய்யுளில் அடைத்துவிட்டார். முதல் எண் 225 அப்படியே நிற்கிறது பாருங்கள். க்யூ மொழியின் டெல்டாஸ் மாதிரியேதான். அது ஏன் சரி? பூஜ்யம் டிகிரிக்கு சைன் பூஜ்யம். ஓப்பனிங் பேலன்ஸ் நிஜமாகவே பூஜ்யம்!

இதன் எதிர்த் திசையும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. விழுப்புரத்துக்கு அடுத்து இருக்கும் புதுச்சேரியில், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் தரையில் சோழிகளை வைத்தும் மனப்பாட அட்டவணைகளை வைத்தும் 1825-ஆம் வருஷச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அந்த வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அதுவரை நகர்ந்த மொத்தத்தைச் சொல்லும். ஒரு நாள் நகர்ச்சை வேண்டுமென்றால்? இன்றைய வாக்கியத்துக்கும் நாளைய வாக்கியத்துக்கும் வித்தியாசம். ஒருவர் வித்தியாசத்தைச் சேமித்தார், இன்னொருவர் மொத்தத்தைச் சேமித்தார். இரண்டு பேரும் ஓப்பனிங் எது என்பதை மட்டும் மறக்கவில்லை.

நாம்தான் மறக்கிறோம். கல்லூரிக்காக ரூம் எடுத்துத் தங்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்திருப்பார். குடி போன அன்று ரீடிங்கை யாரும் குறித்துக்கொள்வதில்லை. மாசக் கடைசியில், முன்னால் இருந்தவன் எரித்ததும் சேர்த்து பில் வரும். கேட்டால் 'மீட்டர் காட்டுதே தம்பி' என்பார். மீட்டர் காட்டுவது மொத்தம். நாம் கொடுக்க வேண்டியது வித்தியாசம். ஓப்பனிங் ரீடிங் இல்லாதவன் வாயே திறக்க முடியாது.

பக்கத்தில் இருப்பதெல்லாம் பக்கத்து எண் ஆகுமா?

இதுதான் லூப் பிரியர்கள் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாத விஷயம். வரிசையில் பக்கத்தில் நிற்பதாலேயே இரண்டு எண்ணைக் கழித்துவிட முடியாது.

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? வீடு வீடாக ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். அப்புறம் நாலு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கட்டணம் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். யூனிட்டைக் கழிக்காமல் பணத்தைக் கழித்தது தப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், தள்ளுபடி ஆனது. தமிழ்நாடு முழுக்கச் சண்டை. அடிப்படையில் இது என்ன? அர்ரேயில் நடு எண் ஒன்று காணோம். அவ்வளவுதான். முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் எடுத்தால் மொத்தம் வரும், நடுவில் எது எவ்வளவு என்று வரவே வராது.

கட்டணம் ஒரே சீராக இருந்திருந்தால் பரவாயில்லை, எப்படிப் பிரித்தாலும் காசு ஒன்றுதான். ஆனால் ஸ்லாப் இருக்கிறதே! 2022 செப்டம்பரில் கட்டணம் மாறுவதற்கு முன்பிருந்த கணக்கைப் பாருங்கள். நிலைக்கட்டணத்தை விட்டுவிடுவோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2 ரூபாய், அடுத்த 300-க்கு 3 ரூபாய், ஆக 1,100 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் ரேட்டே மாறிவிடும். 3.50, 4.60, அதற்கு மேல் 6.60. ஆக 1,736.60 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் இறுதிநிலைச் செலவு 636 ரூபாய் 60 காசு! எந்தப் பொருளியல் புத்தகத்திலும் இப்படி ஒரு உதாரணம் கிடைக்காது.

இப்போது நாலு மாதத்தில் 1000 யூனிட் என்று வைப்போம். சரிபாதியாகப் பிரித்தால் 500, 500, மொத்தம் 2,200 ரூபாய். உண்மையில் 400, 600 எரித்திருந்தால் 800-ம் 2,390-ம் சேர்ந்து 3,190. பிரித்ததில் நமக்கு லாபம். அதே 1040 யூனிட் என்றால்? சரிபாதி 520, 520, மொத்தம் 3,724. உண்மையில் 460, 580 எரித்திருந்தால் 980-ம் 2,258-ம் சேர்ந்து 3,238. பிரித்ததில் 486 ரூபாய் நஷ்டம். இங்கே யாரும் திருடவில்லை. காணாமல் போன ஒரு எண்ணை எப்படி நிரப்புகிறோம் என்ற முடிவு ஒரு குடும்பத்தின் அரிசி மூட்டைக் காசைத் தீர்மானிக்கிறது. இதைத்தான் 'ரெண்டு வரி லூப்' என்கிறார்கள்.

இன்னொன்று. விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 2001-ல் 29,60,373. 2011-ல் 34,58,873. வித்தியாசம் 4,98,500. சரி. 1991-ஐயும் சேர்க்கலாமா? 1993-ல்தான் தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரம் மாவட்டமே வந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் எண்ணை முன்னால் வைத்துக் கழித்தால் ஜனங்கள் பாதிப் பேர் மாயமாகிவிடுவார்கள். 2011-க்கு அடுத்த கணக்கெடுப்பு எண் வந்ததும் அதையும் கழிக்காதீர்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போய்விட்டது. மேலும் 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இடைவெளியும் 10 வருஷம் இல்லை. ஆக, எண்ணின் வித்தியாசத்தை வருஷத்தின் வித்தியாசத்தால் வகுத்தால்தான் முந்தைய பத்தாண்டோடு ஒப்பிடவே முடியும். இரண்டு டிஃப், ஒரு வகுத்தல்.

பக்கத்து எண் என்பது சில சமயம் பக்கத்திலேயே இருக்காது. மே மாத வெயிலில் வரும் ஈ.பி. பில்லை மார்ச் பில்லோடு ஒப்பிட்டு 'ஏறிப்போச்சு' என்பது அர்த்தமில்லாத பேச்சு. போன வருஷ மே பில்லோடு ஒப்பிட வேண்டும். வருஷத்துக்கு 6 ரீடிங், அதனால் 6 தள்ளிக் கழிக்க வேண்டும். ஆர் மொழியின் டிஃப்பில் எத்தனை தள்ளி என்று கேட்கவே தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பாளர்களுக்குப் பதில்

"லூப்தான் அடிப்படை, அதைக் கத்துக்காம எப்படி?" அடிப்படைதான், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு. நமக்கு அடிப்படை கணக்கு. அந்த லூப்பிலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பைத்தானில் தெரியாத்தனமாக 0-விலிருந்து ஆரம்பித்து 'இதிலிருந்து இதற்கு முந்தையதைக் கழி' என்றால், முதல் எண்ணுக்கு முந்தைய எண்ணாகக் கடைசி எண்ணைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. சி மொழியில் அர்ரேக்கு வெளியே எங்கேயோ கிடக்கும் குப்பையைப் படிக்கும். முதல் எண்ணைப் பற்றிய முடிவை மாணவன் யோசித்து எடுக்கவே இல்லை. ஐ எங்கே ஆரம்பித்தது என்பது அவனுக்குப் பதிலாக எடுத்துவிட்டது.

"எக்செல் போதும்." இழுத்துவிட்ட பிறகு நடுவில் விட்டுப்போன ஒரு மாசத்துக்கு வரிசை ஒன்று நுழைத்துப் பாருங்கள். கீழே தள்ளப்பட்ட கட்டம் இன்னமும் பழைய எண்ணிலிருந்துதான் கழித்துக்கொண்டிருக்கும். புது வரிசையைத் தாண்டிக் குதித்துவிடும். ஒரு சத்தமும் வராது. நூறு கட்டத்தில் நூறு ஃபார்முலா இருந்தால், நூற்றையும் கிளிக் செய்து பார்த்தால்தான் எது உடைந்தது என்று தெரியும். ஒரே ஃபங்ஷன் என்றால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்.

"ஏ.பி.எல். எல்லாம் கல்வெட்டு எழுத்து மாதிரி இருக்கே!" இருக்கட்டும். நம்ம ஊரில் கல்வெட்டுக்கு என்ன குறைச்சல் :-) நான் ஏ.பி.எல். படிக்கச் சொல்லவில்லை. ஆரும் நம்பையும் இலவசம், அதில் ஒன்றை வையுங்கள். யோசனை முக்கியம், எழுத்து முக்கியமில்லை.

"அப்போ ரெடிமேட் ஃபங்ஷன் தப்பே செய்யாதா?" செய்யும். நம்பையில் எதிர்ம எண்ணுக்கே இடமில்லாத எட்டு பிட் வகையில் 1, 0 என்று இரண்டு எண் வைத்து டிஃப் எடுத்தால் கழித்தல் 1 வராது, 255 வரும். பழைய ஐந்து இலக்க மீட்டர் 99950-லிருந்து சுற்றி 00120-க்கு வந்த மாதிரி. மீட்டரில் அந்தச் சுற்றல் நியாயம், விடை 170. கணினியில் அது அநியாயம். அதனால்தான் ஃபங்ஷன் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது என்கிறேன்.

என்னதான் வேண்டும் உனக்கு?

பி.காம்., கம்ப்யூட்டர் பேப்பரில் லூப்புக்கு முன்னால் இரண்டே இரண்டு செயலைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்தடுத்துக் கழிப்பது, அடுத்தடுத்துக் கூட்டுவது. பாஸ்புக்கை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதோடு நாலு கேள்வியை நோட்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்:

1. எதிலிருந்து எதைக் கழிக்கிறேன்?
2. முதல் எண்ணுக்கு முன்னால் என்ன இருந்தது? பூஜ்யமா, வேறு எண்ணா, தெரியாதா?
3. பக்கத்து எண் நிஜமாகவே பக்கத்து எண்ணா? அதே மாவட்டமா, அதே இடைவெளியா, நடுவில் ஏதும் காணோமா?
4. கடைசியில் எத்தனை விடை இருக்கிறது, எத்தனையால் வகுக்கப் போகிறேன்?

நாலாவது கேள்வி சும்மா போட்டதில்லை. 7 ரீடிங், மொத்த வித்தியாசம் 1050 யூனிட். சராசரி 6-ஆல் வகுத்தால் 175. கட்டம் காலியாக இருக்கிறதே என்று முதல் இடத்தில் பூஜ்யத்தை நிரப்பிவிட்டு 7-ஆல் வகுத்தால் 150. 'தெரியாது' என்பதற்கும் 'மாற்றமே இல்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசம் 25 யூனிட். தெரியாத இடத்தில் பூஜ்யம் போடுவது ஆடிட்டிங்கில் குற்றம், புரோகிராமிங்கில் மட்டும் எப்படிச் சௌகரியம் ஆயிற்று?

புரோகிராமர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் எண்ணை விடுவதா, வைத்துக்கொள்வதா, 'தெரியாது' என்று போடுவதா என்று மொழிக்கு மொழி நீங்கள் அடித்துக்கொள்ளும் சண்டைக்கு எங்கள் பாடத்தில் ரொம்ப நாளாகவே பதில் இருக்கிறது. டேலியில் ஒரு லெட்ஜர் உருவாக்கும்போதே ஓப்பனிங் பேலன்ஸ் எவ்வளவு என்று ஒரு இடம் கேட்கும். அது பூஜ்யம் என்று மென்பொருள் தானாக முடிவு செய்வதில் தப்பில்லை, ஆனால் கேட்பவன் கண்ணில் அந்த இடம் பட வேண்டும். நம்பையில் 2019-ல்தான் டிஃப்புக்கு முன்னால் ஒரு எண்ணைச் சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தது. எங்க ஊர்க் கண்டக்டர் 210 என்று எழுதிவிட்டுத்தான் விசிலே அடிப்பார்.

பி.கு.: இதைப் படித்துவிட்டு வீட்டு மீட்டர் ரீடிங்கைப் போய்க் குறித்து வைத்தீர்கள் என்றால் எனக்குப் போதும். வாடகை வீடு என்றால் இன்றைக்கே, தேதி போட்டு, ஓனர் கையெழுத்தோடு.